பொருளாதார நெருக்கடிக்குப் பேராசைதான் காரணமா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்

கேள்வி: "பொருளாதார நெருக்கடிகள் மனிதரின் பேராசையால் வருகின்றன என்கிறார்கள். அப்படியானால் பேராசைப்பட்டவர்தானே நட்டப்பட வேண்டும்? எந்தச் சூதாட்டத்திலும் சேராத ஏழைகள் ஏன் அடி வாங்குகிறார்கள்?"

பேராசை காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆசை எல்லாருக்கும் உண்டு. அடுத்தவர் காசை வைத்து ஆடவும், தோற்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பவும் சிலருக்கு மட்டுமே வசதி இருக்கிறது. நெருக்கடி அங்கிருந்துதான் பிறக்கிறது. அவர்கள் கிளம்பிய பிறகு பாக்கி யார் தலையில் விழுகிறது என்பதை எங்கள் ஊர் பல தலைமுறையாகப் பார்த்து வந்திருக்கிறது.

நான் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். நடுவில் டவுன், சுற்றிலும் தோட்டங்கள். அப்பா டவுனில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1998இல் நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு. பள்ளி விட்டு வந்ததும் கடையில் உட்கார்ந்து பற்றுக் கணக்கு எழுதுவது என் வேலை. மலேசியாவில் கடை வைத்தவர்களுக்கு 555 புத்தகம் தெரிந்திருக்கும்: உள்ளங்கை அளவில், அட்டையில் 555 என்று போட்ட சின்னக் கணக்குப் புத்தகம். ஒரு குடும்பத்துக்கு ஒன்று. தோட்டத்து ஜனங்கள் மாதம் முழுக்கச் சாமான் வாங்கிச் சம்பளத்தன்று தீர்ப்பார்கள்.

அந்த வருஷம் அந்தப் புத்தகங்களில் நடந்ததைச் சொல்வதற்கு முன், மேலே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் பாட் நாணயத்தை டாலரோடு கட்டி வைத்திருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டது. அடி அங்கே விழுந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா, தென்கொரியா என்று பரவியது. ஒரு டாலருக்கு 2.50 ரிங்கிட் என்று இருந்தது 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளி. 1998 செப்டம்பர் 1ஆம் தேதி 262. மறுநாள் ஒரு டாலர் 3.80 ரிங்கிட் என்று அரசு நிர்ணயித்தது. ரிங்கிட்டை வெளிநாட்டில் வாங்கி விற்பதும் நின்றது. அந்த 3.80 கட்டு 2005 ஜூலை வரை நீடித்தது. நாட்டின் பொருளாதாரம் 1998இல் மட்டும் 7.4 விழுக்காடு சுருங்கியது.

நாணயம் விழுவதில் ஒருவருக்கு எப்படி லாபம் வருகிறது என்று கேட்பீர்கள். 25 லட்சம் ரிங்கிட்டைக் கடனாக வாங்குகிறார் என்று வையுங்கள். 2.50 விலையில் மாற்றினால் 10 லட்சம் டாலர். ரிங்கிட் 4.00க்கு விழும்வரை காத்திருக்கிறார். இப்போது அதே 25 லட்சம் ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுக்க ஆறேகால் லட்சம் டாலர் போதும். வட்டி போக மிச்சம் அவருக்கு. ஒருவர் செய்தால் ஒன்றும் ஆகாது. பெரிய நிதிகள் சேர்ந்து செய்தால், அப்படிச் செய்வதே நாணயத்தைத் தள்ளிவிடும். விழும் என்று பந்தயம் கட்டியவர்களே விழவும் வைக்கிறார்கள். அப்போதைய பிரதமர் மகாதீர், பெரிய முதலீட்டு நிதி நடத்திய அமெரிக்கர் ஜார்ஜ் சோரோஸைக் குற்றம் சாட்டியது இதற்காகத்தான். 1997 செப்டம்பரில் ஹாங்காங்கில் நடந்த உலக வங்கி, ஐ.எம்.எஃப். கூட்டத்தில், நாணய வியாபாரம் தேவையற்றது, ஒழுக்கக்கேடானது என்று பேசினார். அதில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் முழுப் பழியையும் வெளியே தள்ள முடியாது. 1990களின் தொடக்கத்தில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே உலக நாணயச் சந்தையில் பெரிய அளவில் ஆடித் தோற்றது. 2017இல் அமைத்த அரச விசாரணை ஆணையம் அந்த நட்டத்தை 31.5 பில்லியன் ரிங்கிட் என்று கணக்கிட்டது. உள்ளூரிலும் அப்படித்தான். 1993இல் ஷேர் காய்ச்சல் அடித்தபோது எங்கள் டவுனிலிருந்து ஆசிரியர்கள், கிராணிகள் (தோட்டத்து எழுத்தர்கள்), கடைக்காரர்கள் எல்லாம் ஈப்போவுக்குப் போய் ஷேர் போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொன்ட்ரா என்று ஒன்று உண்டு. கையில் காசில்லாமலே பங்கை வாங்கி, பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முன் விற்று, வித்தியாசத்தை மட்டும் எடுப்பது. விலை ஏறும்வரை எல்லாரும் கெட்டிக்காரர்கள். பங்கையே அடமானம் வைத்துக் கடன், அந்தக் கடனில் இன்னும் பங்கு, அப்புறம் வீட்டுமனை. வங்கிகளும் கேட்காமலே கொடுத்தன. அந்த ஆட்டத்தில் நட்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நட்டமும் உண்மை, வேதனையும் உண்மை. ஆனால் உங்கள் கேள்வி ஆடாதவர்களைப் பற்றியது.

சரி, 555 புத்தகத்துக்கு வருவோம்.

அரிசி, சீனி, மாவு, சமையல் எண்ணெய் கட்டுப்பாட்டு விலையில் இருந்தன. அதனால் பட்டினி வரவில்லை. விலை ஏறியதெல்லாம் வெளியிலிருந்து வந்தவை: பருப்பு, காய்ந்த மிளகாய், வெங்காயம், பிள்ளைகளின் பால் மாவு. புத்தகத்தில் அது எப்படித் தெரியும் என்றால், முதலில் அளவு குறையும். ஒரு கிலோ பருப்பு எழுதிய இடத்தில் அரைக் கிலோ வரும். அப்புறம் பெரிய டின் பால் மாவு போய்ச் சின்னப் பாக்கெட் வரும். அதற்கும் அப்புறம் பால் மாவு என்ற வரியே இருக்காது, இனிப்புப் பால் டின் மட்டும் இருக்கும். நான் அதைக் கையால் எழுதினேன். டின்பாலைத் தண்ணீரில் கலக்கிக் குழந்தைக்குப் புட்டியில் கொடுத்த அம்மாக்களுக்கு அது பால் மாவுக்கு ஈடாகாது என்று தெரியும். தெரிந்துதான் வாங்கினார்கள்.

சம்பளத்தன்று, "முதலாளி, இந்த மாசம் பாதிதான், கோவிச்சுக்காதீங்க" என்று அப்பாவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன ஓர் அக்காவின் முகம் எனக்கு மறக்கவில்லை. அவர் ஷேர் வாங்கியதில்லை. டாலர் நோட்டைக் கண்ணால் கண்டதில்லை. காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவர்.

இதில் என்னை இன்றுவரை கோபப்படுத்துவது வேறொரு கணக்கு. அந்த வருஷம் செம்பனை எண்ணெய்க்குப் பொற்காலம். டாலரில் விற்கும் சரக்கு அல்லவா, ரிங்கிட் விழ விழ வருமானம் ஏறியது. 1997இல் சராசரியாக டன்னுக்கு 1,400 ரிங்கிட்டுக்கும் கீழே இருந்த விலை 1998இல் 2,300ஐத் தாண்டியது. அப்படியானால் தோட்டத்தில் பணம் கொட்டியிருக்க வேண்டும் அல்லவா? முதலாளிக்குக் கொட்டியது. எல் நினோ வறட்சியால் மரத்தில் குலை குறைந்திருந்தது. குலை வெட்டுகிறவருக்கு வெட்டிய அளவுக்குத்தான் கூலி. குலை குறைந்தால் கூலியும் குறையும். ஆக, அவர் வெட்டிய பழம் வரலாறு காணாத விலைக்குப் போன அதே மாதத்தில் அவர் வீட்டுப் பால் மாவு நின்றது. பிறகு 2001இல் எண்ணெய் விலை 900க்கும் கீழே விழுந்தபோது, "கம்பெனிக்கு நட்டம்" என்ற பேச்சு ஒரே வாரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்துவிட்டது. ஏறிய விலைக்கு அந்தப் பாதை தெரியவே இல்லை.

இது ஒரு வருஷத்துக் கதை இல்லை. 1910இல் லண்டனில் ரப்பர் தோட்டப் பங்குகளுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு பவுண்டு எடை ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் (ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ்) மேல் போனது. மலாயாவைப் படத்தில்கூடப் பார்க்காதவர்கள் பங்கு வாங்கினார்கள். அந்தக் காசில்தான் காடு அழித்துப் பால்மரம் நட்டார்கள், கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் பிடித்தார்கள். 1929இல் நியூயார்க் பங்குச் சந்தை கவிழ்ந்தது. 1932இல் அதே ரப்பர் இரண்டு பென்ஸுக்கும் கீழே வந்தது. ஆணுக்கு நாளுக்கு 50 காசாக இருந்த கூலி 1930இல் 40 ஆகி, அப்புறம் இன்னும் இறங்கியது. வேலை இல்லை என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நியூயார்க்கில் ஒருவன் கடன் வாங்கிப் பங்கு வாங்கியதற்கும், பால் வெட்டிக்கொண்டிருந்தவர் நாகப்பட்டினத்தில் வெறுங்கையோடு இறங்கியதற்கும் நடுவில் இருந்த சங்கிலி அவ்வளவு நீளம். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலாயாவின் சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் இன்னொன்று நடந்தது. எங்கள் பெரியவர்கள் அதைத் 'தோட்டத் துண்டாடல்' என்பார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, நில வியாபாரிகள் வாங்கிய வேகத்தில் துண்டு போட்டு லாபத்துக்குக் கைமாற்றினார்கள். நிலம் கைமாறும்போது லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் போனது, வீடும் போனது. பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அசிஸ் இதை ஆராய்ந்து தனி அறிக்கையே எழுதினார். எங்கள் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்குப் பதிலாகத்தான். மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டச் சொல்லித் தோட்டம் தோட்டமாக நடந்தார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். சூதாடிகளின் கைக்குப் போகவிருந்த நிலத்தைக் கூலிக்காரர்கள் காசு சேர்த்து வாங்கினார்கள். நம் சமூக வரலாற்றில் இதற்கு நிகராக நான் மதிப்பது அதிகமில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பகுதிக்கு வருகிறேன். இன்று ஏழைகளும் ஆட்டத்தில் சேர்கிறார்களே, அது பேராசை இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். மோசடி முதலீட்டுத் திட்டங்களுக்குக் குறைவே இல்லை: 1980களில் தைப்பிங்கில் பாக் மான் தெலோ திட்டம், 2017இல் பினாங்கில் மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொன்ன ஜேஜேபிடிஆர், இப்போது கைத்தொலைபேசியில் மாதத்துக்கு ஒன்று. படித்தவர்கள் இதைப் பார்த்து, "பேராசை பெருநட்டம், நல்லா வேணும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

எங்கள் பக்கத்துத் தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) ஓர் அண்ணன் இருக்கிறார். லாரி ஓட்டியவர், தோட்டத்தில் பிறந்தவர். 55 வயதில் தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப் பணம் கைக்கு வந்தது. நாணய வியாபாரம் செய்து மாதம் 10 விழுக்காடு தருவதாகச் சொன்ன ஒரு திட்டத்தில் போட்டார். சொன்னவர் வெளி ஆள் இல்லை. அவர் வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாறியவர், சொந்தக்காரர். முதல் சில மாதம் பணம் சரியாக வந்தது. அந்த நம்பிக்கையில் வங்கியில் தனிநபர் கடனும் எடுத்துப் போட்டார். பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இத கொஞ்சம் பாரும்மா தங்கச்சி, ஏதோ கோளாறு போல" என்று போனைக் காட்டினார். திரையில் இருப்பு ஏறிக்கொண்டே இருந்தது. பணத்தை எடுக்கும் பொத்தானை அமுக்கினால், 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. அவர் அதை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

மாதம் 10 விழுக்காடு என்பது எப்பேர்ப்பட்ட பொய் என்று ஒரு கணக்கில் தெரியும்: எடுக்காமல் விட்டால் 10,000 வெள்ளி ஐந்து வருஷத்தில் 30 லட்சம் வெள்ளியைத் தாண்டிவிடும். உலகத்தில் எந்த வியாபாரமும் அப்படி ஓடாது. புதிதாகச் சேர்பவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கிறார்கள், புதியவர் வருவது நின்றால் கடை மூடிவிடும். அதை அண்ணனுக்கு விளக்கியபோது அவர் சொன்னது: "மாளிக வாங்கவா போட்டேன்? சின்னவ நர்ஸிங் படிக்கிறா. இபிஎஃப்ப வச்சுத் தின்னா எத்தன வருஷம் வரும், நீயே சொல்லு." எனக்குப் பதில் வரவில்லை, ஏனென்றால் அவர் கணக்கு சரி. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று சட்டமாக வந்ததே 2013இல்தான், தீபகற்பத்தில் 900 வெள்ளி. அதற்கு முன் முப்பது வருஷம் வாங்கிய சம்பளத்தில் இபிஎஃப்பில் எவ்வளவு சேர்ந்திருக்கும்? கோவிட் காலத்தில் வேறு வழியில்லாமல் மக்கள் அதே இபிஎஃப்பிலிருந்து சிறப்பு அனுமதியில் எடுத்தது மொத்தம் 145 பில்லியன் ரிங்கிட். இதுவும் ஒரு நெருக்கடியின் விலைதான். அதையும் தங்கள் முதுமையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

மேலே இருப்பவருடைய பேராசைக்கும் அந்த அண்ணனுடைய ஆசைக்கும் ஒரே பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. முதலாமவர் இருப்பதைப் பெருக்கப் பார்த்தார். தோற்றபோது அவருடைய வங்கியைத் தூக்கி நிறுத்த நாடே காசு போட்டது: வாராக்கடனை வாங்க 1998இல் டானாஹார்த்தா, வங்கிகளுக்கு முதல் போட டானாமோடால். வங்கிகள் விழுந்தால் எல்லாரும் விழுவோம் என்பது புரிகிறது, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் டானாஹார்த்தாவுக்கு ஈடாக லயத்தில் எதுவும் வரவில்லை. அங்கே இருந்தது அடகுக் கடை மட்டும். ஆறு மாதத் தவணை, மாதம் இரண்டு விழுக்காடு வட்டி. அதற்கும் நகை இல்லாவிட்டால் ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர். வீட்டுக் கேட்டில் சிவப்புப் பெயின்ட் ஊற்றிவிட்டுப் போவார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வீட்டுப் பெரியவர் இப்படிப் பணம் அனுப்பிவிட்டார் என்று தெரிந்தால், முதல் வேலை 997க்கு அழைப்பது. தேசிய மோசடித் தடுப்பு மையம், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் சொன்னால் தடுக்க வாய்ப்பு இருக்கிறது, அதனால் குடும்பச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள், போலீஸ் புகாரும் கொடுங்கள். இன்னும் போடவில்லை என்றால் பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதற்காக நல்ல திட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பெயரை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். பெரியவரிடம் பேசும்போது, "எவ்வளவு போட்டீங்க?" என்று மட்டும் கேட்காமல், "எங்கே கடன் வாங்கிப் போட்டீங்க?" என்றும் கேளுங்கள். எங்கள் அண்ணன் வீட்டில் அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. தனிநபர் கடன் இருக்கிற விஷயம் வங்கிக் கடிதம் வந்த பிறகுதான் அண்ணிக்கே தெரிந்தது.