குதிகாலைக் கவ்வும் குடும்பம்

கேள்வி: பெரியபட்டினத்தில் கடலையொட்டி எங்கள் வீடு. பார்டர் கோலி நாய் ஜோடி வளர்க்கிறோம். அவை ஈன்ற நான்கு குட்டிகளுக்கு (இரண்டு ஆண், இரண்டு பெட்டை) இப்போது ஐந்து மாதம். ஆறும் எங்களுக்குப் பிள்ளைகள்தான், ஒன்றையும் கொடுக்க மனமில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் ஓடினால் வளைத்துக்கொண்டு குதிகாலைக் கவ்வுகின்றன. பக்கத்துக் கீதாரியின் ஆடுகளை விரட்டி ஒரு பஞ்சாயத்தே நடந்துவிட்டது. ஆட்டுக்குப் போடும் பூச்சி ஊசியையே உண்ணிக்குப் போடலாம் என்கிறார் ஒருவர். வெயிலுக்கு மொட்டையடி என்கிறார் என் மைத்துனர். என்ன செய்ய? (ஒரு வாசகி)

பதில்: மனமில்லை, சரி. நேரம் இருக்கிறதா அம்மா? ஒவ்வொரு நாய்க்கும் தனியாக, மற்ற ஐந்தும் பார்க்காத இடத்தில், காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம் பயிற்சி வேண்டும். ஆறுக்கும் நாளுக்கு மூன்று மணி நேரம், நடை தனிக்கணக்கு. மொத்தமாகக் கடற்கரையில் அவிழ்த்துவிடுவது பயிற்சியில் சேராது. ஒன்று விரட்டினால் ஆறும் விரட்டும்.

நம் பக்கத்துக் கிடைநாயை வைத்து இதை எடைபோடாதீர்கள். கிடைநாய் காவலுக்கு, ஆட்டை ஓட்டுவது கீதாரியின் கம்பும் குரலும். பார்டர் கோலியோ ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எல்லையில் ஆட்டை ஓட்டுவதற்கென்றே பொறுக்கியெடுத்து வளர்க்கப்பட்டது. முறைப்பது, பதுங்குவது, வளைப்பது, விரட்டுவது எல்லாம் வேட்டையின் முன்பாதி. அது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. கொல்லும் பின்பாதி மட்டும் மழுங்கிவிட்டது. ஆடு இல்லாத வீட்டில் பேரன்தான் ஆடு.

அடித்தால் நிற்காது. குழந்தை அலறி ஓடுவதே அதற்குக் கிடைக்கும் கூலி. கழுத்துப்பட்டையில் 10 மீட்டர் கயிறு கட்டி, ஒரு நேரத்தில் ஒரு நாயை மட்டும் வெளியே விடுங்கள். தலையைத் தாழ்த்திக் கண்ணைக் குத்திட்டுப் பார்க்கும் அந்த நொடியில் கூப்பிட்டு, வந்ததும் வேகவைத்த கோழித்துண்டு கொடுங்கள். ஓட ஆரம்பித்த பிறகு கூப்பிட்டுப் பயனில்லை. குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கப் பழகட்டும். பெரியவர் இல்லாமல் குழந்தையையும் நாயையும் ஒன்றாக விடவே வேண்டாம். ஆட்டு விஷயத்தில் கீதாரி பக்கமே நியாயம். விரட்டப்பட்ட சினை ஆட்டுக்குக் கரு கலையக்கூடும்.

அடுத்த தலைவலி உங்கள் கடிதத்திலேயே இல்லை. பெட்டைக் குட்டிகள் ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். ஒவ்வொரு முறையும் சுமார் மூன்று வாரம். அப்பன், அண்ணன் என்றெல்லாம் நாய் பார்க்காது, சங்கிலியும் தடுக்காது. இப்போதே ஆண்களையும் பெட்டைகளையும் வெவ்வேறு அறையில் பூட்டி வையுங்கள். கருத்தடை எப்போது என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். ஆண் நாய்க்கு அறுவை முடிந்தாலும் சில வாரங்கள் விந்து மிச்சமிருக்கும், அதுவரை பிரித்தே வையுங்கள். ஒன்றரை, இரண்டு வயதில் தாய்க்கும் மகளுக்குமே தீராப்பகை மூளலாம். பெட்டைகளின் சண்டைதான் எளிதில் ஆறாதது. சாப்பாடு தனித்தனிக் கதவுக்குப் பின்னால், 15 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். சண்டை மூண்டால் கையை நீட்டாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, நடுவில் பலகையைச் செருகுங்கள்.

என் கருத்து: தாய், தகப்பனோடு ஒரு குட்டி போதும். மற்ற மூன்றையும் வேலை வாங்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், மூன்று வீட்டுக்கு, தனித்தனியாக.

அந்த ஆட்டுப் பூச்சி ஊசி மட்டும் வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் ஐவர்மெக்டின். ஆட்டுக்கான அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். நாயின் இதயப்புழுவைத் தடுக்கக் கொடுப்பது 6 மட்டுமே. கோலி வகைகளில் எம்டிஆர்1 என்ற மரபணுக் கோளாறு உண்டு. மருந்தை மூளைக்குள் விடாமல் வெளியேற்றும் புரதம் அந்த நாய்களில் வேலை செய்யாது. தள்ளாட்டம், பார்வை இழப்பு, வலிப்பு, சாவு என்று போகும். நீள்முடிக் கோலியில் இது மிகப் பரவல், பார்டர் கோலியில் அரிது. பரிசோதிக்காத நாய்க்கு அந்த 'அரிது' உதவாது. ஊசி போட்ட ஆட்டின் புழுக்கையைத் தின்றாலும் ஆபத்துதான். உண்ணிக்கு மருத்துவர் எடை பார்த்துத் தரும் மாத்திரையை ஆறுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். முட்டையிடும் உண்ணி நாயை விட்டிறங்கிச் சுவர் வெடிப்பில் ஒளிவதால் வெடிப்புகளையும் பூசி அடையுங்கள்.

பச்சை ஆட்டுக்குடல், ஈரல், நுரையீரல் போடாதீர்கள். அதில் வரும் நாடாப்புழுவின் முட்டை நாயின் சாணம் வழியே பேரப்பிள்ளையின் வயிற்றுக்குப் போனால் ஈரலில் நீர்க்கட்டி உண்டாகும். கரையில் வலையிலிருந்து உதறிப்போட்ட பேத்தை மீனை வாயில் வைத்தாலே உயிருக்கு ஆபத்து. அங்கே எப்போதும் கயிறு கையில் இருக்கட்டும். கடல்நீர் குடிக்காமல் இருக்க நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். குளித்தால் நல்ல தண்ணீரில் அலசி உள்மயிர்வரை உலர்த்துங்கள்.

மைத்துனரிடம் கத்திரியைக் கொடுக்க வேண்டாம். இரட்டை அடுக்கு மயிர் வெயிலையும் ஓரளவு தடுக்கும். மழித்தால் தோல் காயும். உதிர்மயிரைச் சீவி எடுத்தால் போதும். காலை ஆறரைக்குள் நடை முடியட்டும். இடைவிடாமல் இரைத்து, எச்சில் நூலாகத் தொங்கி, நடை தள்ளாடினால் உடனே உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியின் கீழ் வைத்து, அப்படியே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஈரத்துணியைப் போர்த்திவிட வேண்டாம், சூடு உள்ளேயே தங்கிவிடும்.