பிரெஞ்சு பட்டப்படிப்பு: எங்கே, எதற்கு?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கல்லூரியிலும் அதையே படிக்க ஆசைப்படுகிறாள். என்ன படிப்பு இருக்கிறது, வேலை கிடைக்குமா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: தாராளமாகப் படிக்கட்டும் அம்மா. ஆனால் ஒன்று, பள்ளியில் மதிப்பெண் வாங்குவது வேறு, அந்த மொழியில் பேசி எழுதுவது வேறு. அதனால் இந்த விடுமுறையிலேயே சென்னையிலோ புதுச்சேரியிலோ உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் சேர்ந்து, எந்த நிலையில் இருக்கிறாள் என்று பார்த்துவிடுங்கள்.

பிரெஞ்சையே முதன்மைப் பாடமாக எடுக்க டெல்லி ஜேஎன்யூ (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்), டெல்லி பல்கலைக்கழகம், ஹைதராபாத் இஃப்லு (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) மூன்றிலும் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. ஜேஎன்யூவுக்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அங்கே பிரெஞ்சே தெரியாதவர்களும் சேரலாம், எழுத்திலிருந்தே தொடங்குவார்கள். எம்.ஏ.வுக்கு வெகுதூரம் போக வேண்டாம், புதுச்சேரி பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது.

வேலை என்று பார்த்தால், பட்டத்தோடு டெல்ஃப் (DELF) என்ற பிரெஞ்சு மொழித்திறன் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும் என்றுதான் நான் அழுத்திச் சொல்வேன். பிரான்சின் கல்வி அமைச்சகம் தருவது, காலாவதி ஆகாது, ஏ1-இல் தொடங்கி பி2 வரை நான்கு படிகள். பிரான்சில் பிரெஞ்சு வழியில் இளங்கலை படிக்கப் பெரும்பாலும் பி2 கேட்பார்கள். ஆசிரியர் பணி, மொழிபெயர்ப்பு, சுற்றுலா, பன்னாட்டு நிறுவனங்கள் என வாய்ப்புகள் உண்டு. அப்புறம், வெளியூர் விடுதிக்கு வசதிப்படாவிட்டால் பி.காம் போல வேறொரு பட்டம் படித்துக்கொண்டே மாலையில் பிரெஞ்சு படிப்பதும் நல்ல வழிதான், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.