நாலு பெட்டி ஃப்ளை, எல்லாம் கலந்து கிடக்கிறது!

கேள்வி: ஐயா, நான் கனடாவில் குவெல்ஃப் நகரில் இருக்கிறேன். கிராண்ட் ஆற்றில் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை (முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த போலிப் பூச்சி) வைத்துத் தூண்டில் போடுவேன். நாலு பெட்டி சேர்ந்துவிட்டது, எதில் எது இருக்கிறதென்றே தெரியவில்லை. சில முட்களில் துரு வேறு. சீசனுக்குள் எப்படி ஒழுங்குபடுத்துவது, எதை வாங்குவது?

பதில்: உங்கள் பகுதியில் ட்ரவுட் சீசன் ஏப்ரல் நான்காவது சனிக்கிழமைதான் திறக்கிறது, நேரம் இருக்கிறது. கடைக்கு இப்போதே ஓடாதீர்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து நாலு பெட்டியையும் கொட்டுங்கள். எந்த வகை ஒன்றிரண்டாகக் குறைந்திருக்கிறதோ, அதைத்தான் போன வருடம் நம்பிப் போட்டிருக்கிறீர்கள், வாங்கும் பட்டியலில் அதுதான் முதலில் வர வேண்டும்.

துருப்பிடித்ததைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள், மீன் இழுக்கும்போது அந்த முள் ஒடியும். மற்றவற்றின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, சின்ன அரத்தால் ரெண்டு இழுப்பு போதும். கிராண்டில் சில பகுதிகளில் எதிர்முள் (நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிய சிறு கூர்) இல்லாத ஒற்றை முள்தான் அனுமதி, அதனால் அந்த எதிர்முள்ளை இப்போதே குறடால் அழுத்தித் தட்டையாக்குங்கள். முள் உடைவதாக இருந்தால் வீட்டிலேயே உடையட்டும்.

அப்புறம் பிரிப்பது. நிறம் பார்த்து அடுக்குகிறவர்கள் உண்டு, பார்க்க அழகுதான், ஆனால் ஆற்றில் நிற்கும்போது உங்களுக்கு வேண்டியது ஆழம். மேலே மிதக்கும் ட்ரை ஃப்ளைக்கு ஒரு பெட்டி (இறகு நசுங்காத ஆழமான பெட்டியாக இருக்கட்டும்), பூச்சியின் இளம் பருவத்தைப்போல் செய்த, அடியில் போகும் நிம்ஃபுக்கு ஒன்று, சின்ன மீனைப்போல் நீந்தும் பெரிய ஸ்ட்ரீமருக்கு ஒன்று. நாலாவதை வீட்டிலேயே வையுங்கள், உபரி எல்லாம் அதில்.

வாங்கும்போது நிம்ஃபுக்கே அதிகம் செலவழியுங்கள். ட்ரவுட் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தான் இரை தின்னும். அதிலும் சீசன் தொடக்கத்தில், கிராண்டின் குறுக்கே உள்ள ஷாண்ட் அணையின் அடிமட்டத்திலிருந்து வரும் நீர் சில்லென்று இருக்கும்போது, மீன் தரையை ஒட்டியே நிற்கும். மூழ்குவதற்காகக் கனமான டங்ஸ்டன் மணி வைத்த ஃபெசன்ட் டெய்ல், ஹேர்ஸ் இயர் என்ற நிம்ஃப்கள் ரெண்டும் 14, 16, 18 அளவுகளில் (எண் கூடக்கூட முள் சிறிது) தாராளமாக வாங்குங்கள், அடியில் கல்லில் மாட்டித் தொலைகிறவையும் இவைதான். மேலே மிதக்கும் ட்ரை ஃப்ளையில் ஏப்ரல் கடைசிக்கும் மே மாதத்துக்கும் 12, 14-இல் ஹெண்ட்ரிக்சன், மேகமூட்டமான நாளுக்கு 18, 20-இல் புளூ விங்ட் ஆலிவ், பிறகு எல்க் ஹேர் கேடிஸ். எதை எடுப்பதென்று தெரியாத வேளைக்கு ஆடம்ஸ்: 1922-இல் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டியது, எந்தப் பூச்சியையும் அப்படியே பார்த்துச் செய்யாததால் பல பூச்சிகளுக்கு அதுவே பொருந்துகிறது. ஸ்ட்ரீமரில் கறுப்பும் ஆலிவும் உள்ள வூலி பக்கர் சில இருந்தால் சரி.

கேள்வி: இறகு நசுங்கிப்போன ஃப்ளைகளை எறிந்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! இடுக்கியில் பிடித்துக் கெட்டில் ஆவியில் சில நொடி காட்டுங்கள், இறகு பழையபடி நிமிர்ந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள். ஆற்றிலிருந்து வந்த இரவும் மூடியைத் திறந்தே வையுங்கள், ஈரத்தோடு மூடியதால்தான் உங்கள் முட்களில் துரு ஏறியிருக்கும்.