சாய்வு சைக்கிளுக்கு எந்த ஹப் கியர்? முதல் கியரை மட்டும் கணக்குப் போடுங்கள்

20 அங்குலப் பின்சக்கரம் வைத்து வீட்டிலேயே ரிகம்பன்ட், அதாவது சாய்வு சைக்கிள், கட்டுகிறீர்கள். ஹப்புக்குள், அதாவது சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றியுள்ள உருளைக்குள், இருக்கும் கியரில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டட்கார்ட்டில் நான் கட்டிய வண்டியில் ஓடுவது ஷிமானோ நெக்ஸஸ் 8. உங்களுக்கும் அதையே சொல்வேன், ஆனால் 8 கியர் இருக்கிறது என்பதற்காக அல்ல.

சாதாரண சைக்கிளில் மேடு வந்தால் எழுந்து நின்று மிதித்துவிடலாம். சாய்ந்து உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வழி கிடையாது. சிக்னலில் பெரிய கியரிலேயே நின்றுவிட்டால் பச்சை விழுந்ததும் வண்டி நகராமல் ஆட, பின்னால் இருக்கிறவர் ஹாரன் அடிப்பார். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லர் கியரை மாற்ற வேண்டுமானால் மிதித்தாக வேண்டும், ஹப் கியர் நின்ற இடத்திலேயே மாறும். இது ஒன்றுக்காகவே நான் ஹப் பக்கம் வந்தேன்.

இனி கணக்கு. நெக்ஸஸ் 8-ல் முதல் கியர் 0.527, கடைசி 1.615, அதாவது பின் பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் இத்தனை சுற்று சுற்றும். முன்னால் 44 பல், பின்னால் 20 பல், சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர். ஒரு முறை மிதித்தால் முதல் கியரில் 1.75 மீட்டரும் எட்டாவதில் 5.4 மீட்டரும் போகும். முதல் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் 6 கிலோமீட்டர்தான். அதைவிட மெதுவாகப் போனால் இரண்டு சக்கர வண்டி எப்படியும் தள்ளாடும், எனவே இதற்குக் கீழே கியர் இருந்தும் எனக்குப் பயனில்லை. மூன்று சக்கரம் என்றால் விஷயமே வேறு.

ஸ்டர்மி ஆர்ச்சர் 3 கியர் ஹப் சமதளத்துக்கு அருமையானது, பல வருடம் உழைக்கும், ஆனால் 0.75-லிருந்து 1.33 வரைதான். ரோலாஃப் 14 கியர், 526 சதவீத வீச்சு, அதாவது கடைசி கியர் முதல் கியரைப்போல் 5.26 மடங்கு, ஒவ்வொரு படியும் ஒரே அளவு. விலையைப் பார்த்தால் மிச்ச வண்டியே அதற்குள் அடங்கிவிடும். ஸ்டட்கார்ட்டில் டேகர்லோக் மேட்டுக்கு ஏற்றிவிடப் பல்சக்கர ரயில் இருக்கிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்கிறது, அப்புறம் எதற்கு ரோலாஃப் என்று விட்டுவிட்டேன்.

ஃபிரேம் வெல்டிங் செய்யும்போதே ஒன்றைக் கவனியுங்கள். அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷர், பின்னால் அச்சு உட்காரும் பிளவின் கோணத்துக்குப் பொருந்த வேண்டும். நான் பொருந்தாததைப் போட்டு நட்டை இறுக்கினேன். முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து ஒரு உதை உதைத்ததும் அச்சு திரும்பி, கேபிள் இழுபட்டு, மூன்றாவது கியர் என்று காட்டிய இடத்தில் எதுவுமே பிடிக்கவில்லை. வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

கேபிளும் நீளமானதாக வாங்குங்கள், கடையில் பெட்டியோடு வருவது சாய்வு சைக்கிளுக்குப் பெரும்பாலும் எட்டாது. மாட்டியபின் நான்காவது கியரில் வைத்து, ஹப்பில் இரண்டு மஞ்சள் கோடுகளும் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். புதுக் கேபிள் கொஞ்சம் இளகும், அதனால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடியும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.