மல்லாட்டைக் கொல்லையில் வெள்ளெலி: தோண்டினால் ஏன் சிக்குவதில்லை?

கேள்வி: திண்டிவனம் பக்கம், மணல் கலந்த செம்மண்ணில் இரண்டு ஏக்கர் மானாவாரி மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறேன். போன வருடம் விதைத்த மூன்றாம் நாளே எலி விதையைத் தோண்டித் தின்றது. காய் பிடித்த பிறகும் செடியடியில் வெறும் தொலிதான் கிடந்தது. மருந்து வைத்தால் முதல் நாள் தின்கிறது, அப்புறம் தொடுவதே இல்லை. வளையைத் தோண்டினால் எலியும் இல்லை, சேர்த்து வைத்த காயும் இல்லை. ஆடியில் விதைக்கும் முன் என்ன செய்யலாம்?

பதில்: சேர்த்து வைத்த காய் இல்லை என்பதே நல்ல துப்பு. வரப்பெலியாக இருந்தால் வளை வாயில் மண் குவியலும் உள்ளே காய்க் குவியலும் இருந்திருக்கும். உங்கள் கொல்லையில் இருப்பது பெரும்பாலும் வெள்ளெலி. வெளிர்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பெரிய கண், உடலைவிட நீளமான வால், வால் நுனியில் கறுப்பு மயிர்க்குச்சம். தார்ப் பாலைவனத்து எலிகளின் நெருங்கிய உறவு இது. அங்கே பகலிலேயே மேயும் இனமும் உண்டு. வெள்ளெலி இரவில் மட்டும்தான் வெளியே வரும்.

ஒரு வளைக்குப் பல வாய்கள். திறந்து கிடப்பது போக, தரைமட்டம் வரை தோண்டி, மேலே மெல்லிய மண் மூடியை மட்டும் விட்டுவைத்த வாய்களும் உண்டு. நீங்கள் திறந்த வாயில் மண்வெட்டி போட்டதும் அது இந்த மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவிடும். ஆகவே, தோண்டும் முன் சுற்றியுள்ள சில மீட்டர் தரையைக் குதிகாலால் மிதித்துப் பாருங்கள். மண் உள்வாங்கும் இடத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். இருளர்கள் சட்டியில் புகை மூட்டி ஊதிப் பிடிப்பது இதைவிடச் சுத்தமான வேலை. உங்கள் பகுதியில் ஆள் கிடைத்தால் அதைத்தான் முதலில் சொல்வேன். பெண் எலி சுமார் நான்கு வாரச் சினையில் நான்கைந்து குட்டி போடும் என்பதால் கோடையில் ஒரு ஜோடி குறைந்தாலும் ஆடியில் தெரியும்.

நீங்கள் வைத்தது துத்தநாக பாஸ்பைடு என்ற எலிமருந்தாகத்தான் இருக்கும். அது தோற்றதற்குக் காரணம் அதன் குணம். குறைவாகத் தின்ற எலி சாகாமல் நோய்ப்பட்டுத் தப்பும். பிறகு அந்த இரையைத் தொடாது. விதைப்புக்கு ஒரு மாதம் முன், மாலையில் எல்லா வாய்களையும் மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருப்பவை மட்டுமே உயிருள்ள வளைகள். அவற்றில் இரண்டு நாள் எண்ணெய் தடவிய உடைத்த கம்பை விஷமில்லாமல் வையுங்கள். மூன்றாம் நாள் 960 கிராம் உடைத்த கம்பு, 20 கிராம் நல்லெண்ணெய், 20 கிராம் துத்தநாக பாஸ்பைடு கலந்து, வளைக்கு 10 கிராம் காகிதப் பொட்டலமாக ஒரு சாண் உள்ளே தள்ளுங்கள். தண்ணீர் சேர்க்கவே கூடாது. ஈரம் பட்டால் நச்சுவாயு வரும். கையுறை போட்டு, குச்சியால், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, திறந்த வெளியில் கலக்குங்கள். இதற்கு முறிமருந்து கிடையாது. தரையில் தூவினால் மயில்தான் முதலில் சாகும்.

பத்து நாள் கழித்து வாய்களை மறுபடி மூடிப் பாருங்கள். மிஞ்சியவற்றுக்கு அதே மருந்து வேண்டாம். 0.005 சத புரோமடியலோன் என்ற வேறொரு எலிமருந்தின் கட்டியை உடைத்து வளைக்கு 15 கிராம் வையுங்கள். சாவு சில நாள் தள்ளி வருவதால் எலிக்குச் சந்தேகம் எழாது. 0.25 சதத் தூளாக வாங்கினால் மட்டும் கிலோவுக்கு 20 கிராம் வீதம் கலக்க வேண்டும். கட்டியை மேலும் எதனுடனும் கலக்கக் கூடாது. செத்த எலிகளை ஆழப் புதையுங்கள், நாயும் கூகையும் தின்னாதபடி.

வளைக்குள் நச்சுவாயு விடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது சொன்னால் வேண்டாம். விற்பனைக் கட்டுப்பாடு ஒருபுறம்; மணலும் பல வாய்களும் சேர்ந்தால் வாயு உள்ளே நிற்காது.

காய் பிடித்தபின் இரை வைப்பது வீண். தலைக்கு மேலே தீனி இருக்கும்போது கம்புக்கு எதற்கு வரும்? அப்போது பொறியும் புகையும்தான். விதைத்த நாள் முதல் செடி தரையை மூடும் வரை 'டி' வடிவக் கொம்புகளை நட்டால் இரவில் கூகை உட்காரும். அதற்குப் பிறகு பயன் குறைவு. வரப்போரப் புதரையும் வேலிக்காத்தானையும் இப்போதே வெட்டுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரரும் அதே வாரத்தில் மருந்து வைக்கச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒரு மாதத்தில் அவருடைய எலிகள் உங்கள் வளைகளில் குடியேறிவிடும்.