நிரல் விழுந்த கையோடு ஜிடிபி தானாக ஓட: கேள்வி பதில்

ஜிடிபி என்ற டீபக்கரை (நிரலின் பிழையைத் தேட உதவும் கருவி) பற்றி, லினக்ஸில் சி, சி++ எழுதுபவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

கேள்வி: ராத்திரி முழுக்க ஓடும் நிரல் ஒன்று எப்போதாவது 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) என்று விழுகிறது. காலையில் வந்து பார்த்தால் அந்த ஒரு வரிதான் மிச்சம். ஜிடிபியே பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்) எடுத்து வைக்குமா அண்ணா?

பதில்: வைக்கும். நிரலை நேராக ஓட்டாமல் இப்படி ஓட்டுங்கள்:

ஜிடிபி -பேட்ச் -இஎக்ஸ் ரன் -இஎக்ஸ் பிடி --ஆர்க்ஸ் ./நிரல்

ஒவ்வொரு -இஎக்ஸும் ஒரு கட்டளை. எழுதிய வரிசையில் நடக்கும். நிரல் விழுந்தால் ஜிடிபி அந்த இடத்திலேயே அதை நிறுத்தி வைக்கும், உடனே அடுத்த கட்டளையான பிடி ஓடும். -பேட்ச் இருப்பதால் நடுவில் என்டர் தட்டச் சொல்லாது. வேலை முடிந்ததும் தானே வெளியேறிவிடும். வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டுத் தூங்கப் போகலாம். திரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) பல இருந்தால் பிடிக்குப் பதில் 'திரெட் அப்ளை ஆல் பிடி' என்று மேற்கோளுக்குள் கொடுங்கள். (பேக்ட்ரேஸின் சுருக்கம் பிடி. ஆளைப் பிடிக்கத்தானே கேட்கிறோம், தமிழிலும் சரியாகத்தான் இருக்கிறது.)

கேள்வி: நிரல் ஒழுங்காக முடிந்த நாளிலும் 'நோ ஸ்டாக்' என்று எழுதிவைக்கிறதே?

பதில்: முடிந்துபோன நிரலுக்கு ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கு) ஏது? தொந்தரவாக இருந்தால் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி -எக்ஸ் மூலம் கொடுங்கள். நிரல் தானாக முடிந்தால்தான் $_எக்ஸிட்கோட் என்ற மாறிக்கு மதிப்பு வரும். ஆகவே 'இஃப் $_இஸ்வாய்டு($_எக்ஸிட்கோட்)' என்று சோதித்து, அதற்குள் பிடியை வையுங்கள்.

கேள்வி: ஜிடிபியில் ஹுக்-ஸ்டாப் என்ற கட்டளைத் தொகுப்பை எழுதினால் போதும் என்கிறார்களே?

பதில்: எழுதலாம், எனக்குப் பிடிக்காது. பிரேக்பாயின்ட், ஸ்டெப் என்று எதற்காக நின்றாலும் அது ஓடும். பத்து நிமிடத்தில் எரிச்சலாகிவிடும். 'கேட்ச் சிக்னல் சிக்செக்வி' (செக்மென்டேஷன் ஃபால்ட்டுக்கான சிக்னல்) போட்டு, அதன் கீழ் 'கமாண்ட்ஸ்' என்று தொடங்கி, வேண்டியதை எழுதி 'எண்ட்' என்று முடியுங்கள். அசர்ட் தோற்றாலும், பிடிபடாத எக்ஸெப்ஷன் வந்தாலும் வருவது சிக்ஏபிஆர்டி என்ற சிக்னல். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளியே ஓட்டினால் விழுகிறது. ஜிடிபிக்குள் ஓட்டினால் சமர்த்தாக ஓடுகிறது!

பதில்: வாத்தியார் வந்ததும் வகுப்பு அமைதியாவது போலத்தான். லினக்ஸ் ஒவ்வொரு ஓட்டத்திலும் நினைவக முகவரிகளைக் கலைத்துப் போடும். ஜிடிபி இயல்பாகவே அதை நிறுத்திவிடுகிறது. சில பிழைகள் முகவரி மாறினால்தான் தலைகாட்டும். ரன்னுக்கு முன்னால் 'செட் டிஸேபிள்-ரேண்டமைசேஷன் ஆஃப்' என்று ஒரு -இஎக்ஸ் சேருங்கள். திரெட்களுக்கு இடையிலான நேரப் போட்டி காரணம் என்றால் இதுவும் உதவாது. கோர் டம்ப்தான் (விழுந்த நொடியில் இருந்த நினைவகத்தைப் பதிந்து வைப்பது, சுருக்கமாகக் கோர்) வழி.

கேள்வி: சர்வரில் எப்போதும் ஜிடிபிக்குள் ஓட்ட முடியாதே?

பதில்: ஓட்டவும் கூடாது. அங்கேயும் கோர்தான். 'யூலிமிட் -சி அன்லிமிடெட்' என்று வைத்துவிட்டு நிரலைத் தொடங்குங்கள். பல இடங்களில் கோரின் இயல்பான அளவு வரம்பு 0, அதனால்தான் எதுவும் பதிவாவதில்லை. கோர் எங்கே போகும் என்பதை /ப்ராக்/சிஸ்/கெர்னல்/கோர்_பேட்டர்ன் தீர்மானிக்கிறது. அதன் முதல் எழுத்து பைப் குறியாக இருந்தால் கெர்னல் கோரை அந்தக் குறியை அடுத்துப் பெயர் எழுதியுள்ள நிரலுக்கே ஊட்டிவிடும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அப்படி வாங்கி வைத்திருந்தால் 'கோர்டம்ப்சிடிஎல் டீபக்' போதும். கோப்பாகக் கிடைத்தால்:

ஜிடிபி -பேட்ச் -இஎக்ஸ் 'பிடி ஃபுல்' ./நிரல் கோர்

கன்டெய்னர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கோர்_பேட்டர்ன் மொத்த இயந்திரத்துக்கும் ஒன்றுதான். இது தெரியாமல் கன்டெய்னருக்குள்ளேயே அரை நாள் கோரைத் தேடியிருக்கிறேன். இன்னொன்று, விழுந்த அதே பைனரியை எடுத்து வையுங்கள். மறுபடி கம்பைல் செய்ததைக் கொடுத்தால் ஜிடிபி சம்பந்தமில்லாத வரிகளைக் காட்டும்.

கேள்வி: எனக்கு வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது.

பதில்: -ஜி (டீபக் விவரங்களைச் சேர்க்கும் தேர்வு) இல்லாமல் கம்பைல் செய்து, ஸ்ட்ரிப்பும் (பைனரியிலிருந்து பெயர்களை நீக்குவது) செய்திருப்பீர்கள். வேகப்படுத்தும் -ஓ2வோடு -ஜி தாராளமாகச் சேரும். அப்படியும் கேள்விக்குறிதான் என்றால் ஸ்டாக்கே அழிந்திருக்கலாம். நினைவகப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: மேக்கில்?

பதில்: அங்கே எல்எல்டிபி என்ற டீபக்கர்: எல்எல்டிபி -பி -ஓ ரன் -கே பிடி -- ./நிரல். -கே கொடுத்தது விழுந்தால் மட்டுமே ஓடும். ஜிடிபியில் இப்படி ஒன்று இல்லையே என்று எனக்குப் பொறாமைதான்.

கேள்வி: கோர் கோப்பை அப்படியே நூலகம் எழுதியவருக்கு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். நினைவகத்தில் இருந்த கடவுச்சொல், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் அதற்குள் இருக்கலாம். வெறும் பிடியை அனுப்புங்கள். அதிலும் ஃபங்ஷன்களுக்குப் போன மதிப்புகள் தெரியும். ஒரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள்.