ஆலிவ் பாட்டிலின் பின்பக்கம்: கேள்வி-பதில்

கேள்வி: கறுப்பு ஆலிவ் என்றால் பழுத்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? டின்னில் வருவது மட்டும் ஏன் சப்பென்று இருக்கிறது?

பதில்: மரத்தில் காய் பச்சையாக இருந்து, ஊதாவாகி, கடைசியில் கறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் டின்னுக்குள் மைபோல ஒரே சீராகக் கறுத்துக் கிடப்பது பெரும்பாலும் பழம் அல்ல. பச்சையாகவோ நிறம் மாறத் தொடங்கும்போதோ பறித்த காயைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, இடையிடையே தண்ணீரில் காற்றைச் செலுத்திக் கறுக்க வைக்கிறார்கள். அந்த நிறம் வெளுத்துப் போகாமலிருக்க இரும்பு உப்பு சேர்ப்பார்கள். லேபிளில் ஃபெரஸ் குளுகோனேட் (இ 579) அல்லது ஃபெரஸ் லாக்டேட் (இ 585) என்று இருந்தால் அது இந்த வகைதான். திரும்பத் திரும்பக் கழுவுவதில் புளிப்பும் மணமும் போய்விடுகின்றன. அதனால்தான் சப்பென்று இருக்கிறது.

பச்சை ஆலிவ் பெரும்பாலும் ஸ்பெயின் முறையில் தயாராகிறது. ஒலியூரோப்பின் என்ற பொருள்தான் ஆலிவின் கடுங்கசப்புக்குக் காரணம். அதை உடைக்க, காயை ஏறத்தாழ 2 முதல் 3.5 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் போடுவார்கள். கரைசல் சதையில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு இறங்கியதும் எடுத்துக் கழுவி, 10-12 சதவீத உப்புநீரில் நொதிக்க விடுவார்கள். தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவின் உறவினங்கள்தான் இங்கும் வேலை செய்கின்றன.

மூன்றாவது வகையில் காஸ்டிக் சோடாவே கிடையாது. காயோ பழமோ நேராக உப்புநீருக்குள் போய், கசப்பு மெல்ல மெல்ல வெளியேறும். இதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். சிறிது கசப்பு கடைசிவரை மிஞ்சியிருக்கும்; அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். அப்படியே சாப்பிட இந்த வகையை வாங்குங்கள். பீட்சாவின் மேல் தூவத்தான் என்றால் டின் போதும். ஒரு விஷயம்: டின் வகையை உயர்வெப்பத்தில் கிருமிநீக்கம் செய்யும்போது, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு உருவாகிறது. நொதித்த பச்சை ஆலிவில் அது மிகக் குறைவு.

கேள்வி: கலமாட்டா என்று எழுதியிருந்தால் அது கிரீஸிலிருந்து வந்ததுதானே?

பதில்: கட்டாயமில்லை. கலமாட்டா என்பது ஒரு மர ரகத்தின் பெயராகவும் புழங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சிவப்பு-மஞ்சள் புவிசார் முத்திரையோடு ‘எலியா கலமாட்டாஸ்’ என்று இருந்தால்தான் அது கிரீஸின் மெசினியா பகுதியில் விளைந்தது. முத்திரை இல்லையென்றால் விளைந்த நாடு எது என்று தேடிப் படியுங்கள். பொதியிட்ட நாடு வேறாக இருக்கலாம்.

கேள்வி: இரண்டு பாட்டில்கள் ஒரே அளவு, ஆனால் ஒன்று விலை குறைவு. எது லாபம்?

பதில்: நிகர எடையில் உப்புநீரும் அடக்கம். நீங்கள் ஒப்பிட வேண்டியது வடித்த எடை. நிகர எடை 340 கிராம் என்று போட்ட ஒரு பாட்டிலில் காய் 160 கிராமும், இன்னொன்றில் 200 கிராமும் இருக்கலாம். விலையை வடித்த எடையால் வகுத்துப் பாருங்கள். கொட்டையோடு வாங்கினால் கொட்டையின் எடையையும் கழிக்க வேண்டும். நல்ல ரகத்தில் சதை கொட்டையைப் போல ஐந்து மடங்கு இருக்கும். அதாவது எடையில் ஆறில் ஒரு பங்கு வீண். அப்படியும் சுவைக்காகவே கொட்டையுள்ளதை வாங்கலாம். கொட்டை நீக்கியதில் உப்புநீர் உள்ளே புகுந்து சதை தளர்ந்திருக்கும்.

கேள்வி: கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் ஓர் ஆலிவ் கிடைக்கிறது. சாயமா?

பதில்: சிசிலியின் நோச்செல்லாரா ரகத்தைக் காரக் கரைசலில் பதப்படுத்தி, நொதிக்க விடாமல் விற்பது உண்டு. அதன் பச்சை இயல்பானது. முறையாக நொதித்த காயோ வைக்கோல் மஞ்சளும் பச்சையும் கலந்துதான் இருக்கும். புளிப்பேறினால் பச்சையம் பழுப்பேறிவிடும். ஆகவே புளிப்பும் சுள்ளென்று இருந்து, நிறமும் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படலாம். சந்தேகத்துக்கு முகாந்திரம் உண்டு: 2016-இல் இன்டர்போல், யூரோபோல் என்ற பன்னாட்டுக் காவல் அமைப்புகள் போலி உணவைப் பிடிக்கச் சேர்ந்து நடத்திய ஆப்சன் சோதனையில், காப்பர் சல்பேட் கரைசலால் நிறமேற்றிய 85 டன் ஆலிவ் இத்தாலியில் பிடிபட்டது.

கேள்வி: பாட்டிலில் வெள்ளைப் புள்ளிகளும் அடியில் வண்டலும் தெரிகின்றன. தூக்கி எறியட்டுமா?

பதில்: தோலுக்கு அடியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் லாக்டிக் பாக்டீரியாக் கூட்டங்கள், தீங்கில்லை. பதப்படுத்தும்போது வெப்பமேற்றாத பாட்டிலில் மெல்லிய வண்டல் இருப்பதும் அப்படித்தான். எண்ணெயில் ஊறிய ஆலிவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வெள்ளையாகக் கட்டி தட்டும். அது உறைந்த எண்ணெய்; அறை வெப்பத்தில் கரைந்துவிடும்.

எறிய வேண்டியவை வேறு. மூடி உப்பியிருப்பது, திறந்ததும் சீறிக்கொண்டு நுரைப்பது, காயை அழுத்தினால் கூழாவது, பதனிட்ட தோல் அல்லது சாக்கடை போன்ற வீச்சம். கடைசியாகச் சொன்ன கெடுதலுக்கு ஸ்பெயின்காரர்கள் ‘சபதேரா’ என்பார்கள். அமிலம் போதாமல் பி.எச். (புளிப்பின் அளவு; எண் கூடினால் புளிப்பு குறைவு) 4.2-க்கு மேல் ஏறும்போது அது வருகிறது. சுவைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் போட்யூலிசம் நோயைத் தரும் பாக்டீரியா நஞ்சுக்கு வாடையும் இருக்காமல் போகலாம். 2011-இல் பின்லாந்தில் பாதாம் அடைத்த ஆலிவைச் சாப்பிட்ட இருவருக்கு அந்த நோய் வந்து, ஒருவர் இறந்தார். நொதித்த ஆலிவுக்குக் காப்பு அமிலம்தான். அமிலம் குறைந்த டின் வகைக்குக் காப்பு ஏறத்தாழ 121 டிகிரி வெப்பம். இரண்டில் ஒன்றுகூட இல்லாத பண்டத்தை, குறிப்பாகப் பூண்டு போட்டு எண்ணெயில் மிதக்கவிட்டு லேபிள் இல்லாமல் விற்பதை, வாங்கவே வேண்டாம்.

கேள்வி: திறந்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம்? உப்பைக் குறைக்க வழி உண்டா?

பதில்: மேலே சொன்ன வித்தியாசம்தான் இதையும் தீர்மானிக்கிறது. நொதித்த ஆலிவ் தன் உப்புநீருக்குள் மூழ்கியபடி குளிர்பதனப் பெட்டியில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். விரலை விடாமல் கரண்டியால் எடுங்கள். டின் கறுப்பு ஆலிவைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள். பச்சை ஆலிவ் 100 கிராமில் சோடியம் ஏறத்தாழ 1.5 கிராம், டின் கறுப்பில் அதில் பாதி. உண்ணும் அளவை மட்டும் எடுத்துச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு இறங்கும். பாட்டில் முழுவதையும் அப்படிச் செய்தால் அதைக் காக்கும் உப்பையும் அமிலத்தையும் நீங்களே கொட்டிவிடுகிறீர்கள்.

கேள்வி: பச்சை ஆலிவ் காய் கிடைத்தது. கடித்தால் வாய் வைக்க முடியவில்லை. வீட்டிலேயே பதப்படுத்தலாமா?

பதில்: கெட்டியான, அடிபடாத காய்களை மட்டும் பொறுக்குங்கள். ஆலிவ் ஈ துளைத்த காய் ஒன்று போதும், பக்கத்துக் காய்களும் இளகும். கொட்டை உடையாமல் சதை மட்டும் வெடிக்கும்படி ஒவ்வொன்றையும் தட்டி, உடனே தண்ணீரில் போடுங்கள். தாமதித்தால் தட்டிய இடம் பழுப்பேறும். மேலே தட்டு வைத்து அமுக்கி, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். 6 முதல் 8 நாளில் கசப்பு உண்ணும் அளவுக்கு இறங்கும். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு, 125 மில்லி 5 சதவீத வினிகர் என்று கரைத்து அதில் மூழ்கவைத்து, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நாலைந்து நாளில் சாப்பிடலாம். கண்ணாடி, உணவுத் தரப் பிளாஸ்டிக், துருப்பிடிக்காத எஃகு எதுவும் சரி. அலுமினியம் கூடாது. காஸ்டிக் சோடா முறை ஒரே நாளில் கசப்பை எடுத்துவிடும்தான்; கையுறையும் கண்ணாடியும் அணிந்து, எடை போட்டுக் கலக்கிப் பழகாதவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

கேள்வி: நாற்றுப் பண்ணையில் ஆலிவ் கன்று விற்கிறார்கள். காய்க்குமா?

பதில்: செடி வளர்ந்துவிடும், பூப்பதுதான் சந்தேகம். ஆலிவ் பூக்கக் குளிர்காலம் வேண்டும். பகலும் இரவும் வெதுவெதுப்பாகவே இருக்கும் இடத்தில் இலை மட்டுமே மிஞ்சும். அர்பெகினா ரகத்துக்குக் குளிர் குறைவாகப் போதும், ஆனால் அதன் காய் சிறியது, பெரும்பாலும் எண்ணெய்க்கே பயன்படுகிறது. பல ரகங்கள் தன் மகரந்தத்தால் சரியாகக் காய்ப்பதில்லை, இரண்டு ரகமாவது நட வேண்டும். ரகத்தின் பெயரைச் சொல்லாத பண்ணையில் வாங்காதீர்கள்.

கேள்வி: பீப்பாயில் வரும் கொட்டை நீக்கிய ஆலிவை வாங்கிச் சிறு பாட்டில்களில் அடைத்து விற்க எண்ணம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அளவு எண். 141/160 என்றால் ஒரு கிலோவுக்கு 141 முதல் 160 காய்; எண் கூடக் கூடக் காய் சிறிதாகும். கொட்டை நீக்கிய காயிலும் அந்த எண் முழுக்காயாக இருந்தபோது எடுத்த கணக்கு, எனவே நீங்கள் கிலோவுக்கு எண்ணினால் அதைவிடக் கூடுதலாகத்தான் வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பீப்பாயின் நடுவிலிருந்து எடுத்த மாதிரியில் பி.எச்., உப்பு இரண்டையும் அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

அடைக்கும்போது பலர் தவறுவது உப்புக் கணக்கில். கொட்டை நீக்கிய 600 கிராம் காயில் ஏறத்தாழ 420 கிராம் நீர் இருக்கும். அந்த நீரில் உப்பு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 400 கிராம் புது உப்புநீர் ஊற்றி, கடைசியில் 5.5 சதவீதத்தில் நிற்க வேண்டுமானால், ஊற்றும் நீரில் 3 சதவீதம் உப்பு போதும். 5.5 சதவீத நீரையே ஊற்றினால் பண்டம் உப்புக்கரிக்கும். அமிலமும் இப்படியே காய்க்கும் நீருக்கும் இடையே சமனாகும். ஊற்றிய அன்று பி.எச். 3.6 காட்டியது ஒரு வாரத்தில் 4.2 ஆகலாம். அதனால் ஒரு வாரம் கழித்துக் காயை அரைத்து அளந்ததைத்தான் நம்ப வேண்டும். வெப்பமேற்றாமல் விற்பதானால் உப்பும் அமிலமும் சேர்ந்தே காக்க வேண்டும். உப்பைக் குறைத்து விற்க விரும்பினால் பாஸ்டர் முறையில் சூடாக்குங்கள். தொழில்துறையில் குறைந்தபட்ச அளவு, பாட்டிலின் மையத்தில் 62.4 டிகிரியில் 15 நிமிடத்துக்குச் சமமான வெப்பம். விற்காமல் மிஞ்சும் பீப்பாய்களில் கோடை தொடங்கும் முன்பே உப்பை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றி வைத்துவிடுங்கள். சபதேரா பெரும்பாலும் வெப்பம் ஏறும் அந்த வாரங்களில்தான் தொடங்குகிறது.